கல்லின் கதிருக்கு அஞ்சுகிறோம், கல்லின் தூசிக்கு?

சென்ற மாதம் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில் ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். பெங்களூரின் தென்கோடியில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர். "அண்ணே, ஒரு சந்தேகம்" என்றார்.

அவர் வேலை செய்யும் வீடுகளில் ஒன்றில் சமையல் மேடையின் கிரானைட் பலகையைப் பெயர்த்து எடுக்கிறார்களாம். கிரானைட்டிலிருந்து கதிர் வீசுகிறது, அதனால் புற்றுநோய் வரும் என்று கைப்பேசியில் யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "வேணும்னா நீ எடுத்துக்கிட்டுப் போ என்று சொல்றாங்க அண்ணே. நல்ல கல்லு. எங்க வீட்டுல அடுப்பு வைக்கத் திண்டுகூடக் கிடையாது. ஆனா, அவங்களுக்கு ஆகாதது எங்க பிள்ளைங்களுக்கு மட்டும் ஆகுமா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லுமுன் நாம் ஒன்று கேட்டோம்: "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

"கிரானைட் பட்டறையிலதான். கட்டர் ஓட்டுறாரு. பதினாறு வருஷமாச்சு."

"உடம்பு எப்படியிருக்கு?"

"இருமல்தான் அண்ணே. ரெண்டு தடவை டி.பி. மருந்து கொடுத்தாங்க. முழுசா முடிச்சாரு. மறுபடி இருமறாரு. மாடி ஏறினா மூச்சு வாங்குது."

பலகையைப் பற்றி அவராகவே கேட்டார். கணவரைப் பற்றி நாம் கேட்ட பிறகுதான் சொன்னார். இக்கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் இதில்தான் அடங்கியிருக்கிறது. கல்லை வாங்கிப் போட்டுக்கொள்பவரின் அச்சம் ஒரே நாளில் ஊரெல்லாம் பரவுகிறது. அதே கல்லை அறுப்பவரின் நோயோ அவர் வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே வருவதில்லை.

கல்லில் கதிர் இருப்பது உண்மையா?

உண்மைதான். இதை மறைக்க வேண்டியதில்லை. கிரானைட் என்பது பூமியின் அடியில் உருகிய குழம்பு மெள்ள மெள்ளக் குளிர்ந்து இறுகிய பாறை. அப்படி இறுகும்போது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மற்றப் பாறைகளைவிடக் கிரானைட்டில் சற்றுக் கூடுதலாகத் தங்கிவிடுகின்றன. சாதாரணமாக ஒரு டன் கிரானைட்டில் ஏறத்தாழ 3 முதல் 5 கிராம் யுரேனியமும், 15 முதல் 20 கிராம் தோரியமும் இருக்கும். இவை தாமாகவே சிதைந்து கதிரை வெளியிடுகின்றன. மனிதன் தோன்றுமுன்பே தொடங்கிய காரியம் இது. யுரேனியத்தில் பாதி சிதைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகும்.

நாம் வாழும் இந்தக் கர்நாடக மண்ணே கல்லின் மேல் கிடக்கிறது. ராமநகரக் குன்றுகளைத் தன்னுள் கொண்டு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் குளோஸ்பேட் கிரானைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது என்கிறார்கள் நிலவியலார். லால்பாக் தோட்டத்துப் பாறை அதைவிடவும் பழையது. 1956-இல் கட்டி முடித்த விதான சௌதா கல்லால் எழுந்ததுதான். ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு இந்தக் கல்லோடு பழக்கம் அதிகம். கூட்ஸ் ஷெட்டில் நாம் எழுதும் கணக்கிலும், தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் ஜல்லியிலும் அது இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கல்லில் கதிர் இருக்கிறதா என்பதல்ல. எவ்வளவு இருக்கிறது, யாருக்கு, எந்த வழியாக வந்து சேருகிறது என்பதே.

பலகையால் வரும் கதிர் எவ்வளவு?

உலகில் பிறந்த ஒவ்வொரு மனிதனும் இயற்கையிலிருந்து கதிரைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறான். வானத்திலிருந்தும், மண்ணிலிருந்தும், உண்ணும் உணவிலிருந்தும் அது வருகிறது. உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் என்று ஐக்கிய நாடுகள் சபையின் விஞ்ஞானக் குழு கணக்கிட்டிருக்கிறது. சமையல் மேடையில் கிடக்கும் ஒரு கிரானைட் பலகை இத்துடன் சேர்ப்பது மிகச் சிறிய அளவே. 2008-இல் அமெரிக்காவிலும் இதே பீதி கிளம்பிற்று. சமையல் மேடைக் கல்லைப் பெயர்க்க அங்கும் சிலர் புறப்பட்டார்கள். சாதாரண கிரானைட் மேடைகள் வீட்டின் கதிரளவைக் கவலைப்படும்படி உயர்த்துகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லிற்று.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளிக் கரையிலும் தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கிறது. அங்கே சில இடங்களில் இயற்கைக் கதிர் சாதாரண இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். தலைமுறை தலைமுறையாக மீனவ மக்கள் அந்த மணலிலேயே வாழ்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து வரும் அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாக அவர்கள் காணவில்லை. கதிர் எதுவுமே தீங்கு செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு சமையல் பலகைக்காக நடுங்க வேண்டியதில்லை என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டிய இரண்டு வழிகள்

ஆனால் கல்லின் கதிர் மனிதனை உண்மையாகவே வந்து சேரும் வழிகள் இரண்டு உண்டு. ஒன்று காற்று, மற்றொன்று தண்ணீர்.

யுரேனியம் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். வீட்டுக்கு அடியிலுள்ள மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் தரை வெடிப்புகளின் வழியே ஏறி, மூடிக் கிடக்கும் அறைக்குள் தேங்கினால்தான் தீங்கு. அது சிதையும்போது பிறக்கும் பொருள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்கின்றன. 1988-இல் ரேடான் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. நாட்டுக்கு நாடு, நுரையீரல் புற்றுநோய்களில் நூற்றுக்கு 3 முதல் 14 வரை ரேடானால் வருபவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். புகை பிடிப்பவருக்கு இந்த ஆபத்து, பிடிக்காதவரைப் போல் 25 மடங்கு. பீடியைக் கைவிடாத நம் தோழர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது.

இதை உலகம் எப்படி அறிந்தது? பணக்காரர் வீட்டுச் சமையலறையில் அல்ல. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் நெஞ்சு நோயில் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அது நுரையீரலில் வரும் புற்று என்று 1879-இல் இரு மருத்துவர்கள் எழுதினார்கள். தொழிலாளியின் நுரையீரலைப் பார்த்துத்தான் விஞ்ஞானம் இந்தப் பாடத்தைப் படித்தது. அந்தப் பாடத்தின் பலன் முதலில் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இங்கிலாந்தில் கிரானைட் நிலமான கார்ன்வாலில் வீடு வீடாக ரேடான் அளக்க ஏற்பாடு இருக்கிறது. நம் குடியிருப்புகளில் யாரும் அளக்கவில்லை.

அளக்கும் வரையில் நம்மாலானது ஒன்று உண்டு. ஒற்றை அறை வீடுகளில் ஜன்னலை அடைத்துச் சாமான் அடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். காலையும் மாலையும் கதவையும் ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். தரை வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

அடுத்தது தண்ணீர். நகரின் விளிம்பிலுள்ள நம் குடியிருப்புகளுக்கு ஆற்றுநீர் எட்டாத இடங்கள் பல. போர்வெல் தண்ணீர்தான், அல்லது லாரித் தண்ணீர்தான். அந்த லாரியும் ஏதோ ஒரு போர்வெல்லில்தான் நிரப்பிக்கொண்டு வருகிறது. இப்போது துளை ஆயிரம் அடிக்கும் கீழே போகிறது. அவ்வளவு ஆழத்தில் நீண்ட காலம் பாறையோடு கிடந்த நீரில் யுரேனியம் கரைந்திருக்க வழியுண்டு. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நமது இந்தியத் தர நிர்ணய அமைப்பும் அதே வரம்பை ஏற்றிருக்கிறது. 2021-இல் வெளிவந்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரின் ஆய்வு, கர்நாடகத்தின் கிழக்குப் பகுதியில் 73 கிராமங்களின் நிலத்தடி நீரைச் சோதித்தது. அவற்றில் 57 கிராமங்களில் அந்த வரம்பு மீறியிருந்தது. கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களும் அந்தப் பகுதியில் அடங்கியவை. நம்மவர்கள் பலர் குடியிருக்கும் பக்கம் அது.

யுரேனியம் கலந்த தண்ணீரால் முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம். கதிரைக் காட்டிலும் அந்த உலோகத்தின் நச்சுத்தன்மையே இங்கே பெரிது. நம் தாய்மார்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ரேடான் வாயு வெளியேறும். யுரேனியம் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த நீரில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் எந்தப் போர்வெல்லில் எவ்வளவு இருக்கிறது என்பது சோதித்தால்தான் தெரியும். சோதித்து, முடிவைப் போர்வெல் அருகிலேயே எழுதி வைக்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

நம்மைக் கொல்வது தூசி

இனி அந்த அம்மையாரின் கணவருக்கு வருவோம்.

கிரானைட்டில் ஏறத்தாழ கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா. கல் கல்லாக இருக்கும்வரை அதனால் யாருக்கும் கேடில்லை. உளி பட்டால், ஜாக் ஹாமர் இறங்கினால், கட்டர் ஓடினால், கிரஷர் அரைத்தால், அது தூசியாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்ப் படிகிறது. படிந்த இடம் தழும்பாகிறது. தழும்பு பரவப் பரவ மூச்சு சுருங்குகிறது. இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தால் குணமாக்க மருந்தில்லை. தூசியிலிருந்து விலகிய பிறகும் வளரக்கூடியது. காச நோய்க்கு இது வாசலைத் திறந்து வைக்கிறது. சிலிக்கா தூசி புற்றுநோயும் உண்டாக்கும் என்று 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதி செய்தது.

இந்நோய் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதா? கோலார் தங்கவயலை மறந்துவிட்டோமா? அங்கே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் முன்னோர். அந்தப் பாறை கிரானைட் அல்ல. ஆனால் தங்கம் குவார்ட்ஸ் கல்லில்தான் இருந்தது. 1947-இல் வெளிவந்த ஆய்வொன்றில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. அங்கே பாட்டன் இருமிய அதே இருமலை இன்று பேரன் கிரானைட் பட்டறையில் இருமுகிறான்.

அந்தப் பட்டறையில் நடப்பதை அம்மையாரின் கணவரே நம்மிடம் சொன்னார். பெரிய இயந்திரத்தில் தண்ணீர் ஓடும். ஓரம் சீவுவதும், விளிம்பு உருட்டுவதும் கைக் கட்டரில் உலர்வாகவே நடக்கும். தண்ணீர் விட்டால் வேலை தாமதமாகும், கோடு தெரியாது என்பது மேஸ்திரியின் வாதம். முகத்துக்குக் கைக்குட்டை. நுண்தூசியைக் கைக்குட்டை தடுக்காது என்பது பதினாறு ஆண்டுகளில் ஒருவரும் அவரிடம் சொல்லாத செய்தி.

கூட்டம் முடிந்த மறுவாரம் அவரை நாங்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முன்பு இரண்டு தடவை வேறிடத்தில் காசநோய் மருந்து கொடுத்தபோது, "என்ன வேலை செய்கிறாய்?" என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இம்முறை நாங்கள் முதலில் சொன்னதே அதைத்தான். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், தூசி படிந்த அடையாளம் இருக்கிறது, மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு பட்டறைக்குப் போனோம். "இப்படி ஓர் ஆள் எங்கள் பதிவேட்டிலேயே இல்லையே" என்றார்கள். பதினாறு ஆண்டு உழைத்தவர் அவர்கள் ஏட்டில் பிறக்கவே இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

நீதி கேட்க நமக்கு இடமே இல்லை என்று எண்ண வேண்டாம். 1982-இல் ஃபரீதாபாத் கல் குவாரிகளின் கொத்தடிமைகளைப் பற்றி ஒரு கடிதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1983 டிசம்பர் 16-ஆம் நாள் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பில், கிரஷர்களில் இடைவிடாது தண்ணீர் தெளிக்க வேண்டும் அல்லது தூசி உறிஞ்சும் இயந்திரம் வைக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் எத்தனை பட்டறை வாசலை எட்டியிருக்கிறது?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோயாக வைத்தன. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இருக்கிறது. தொழிலால் வந்த நோய் என்று நிறுவினால் இழப்பீடு உண்டு. ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கையே வகுத்தது. அதன்படி நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் உதவி. அங்கே கல் உடைப்பவனின் நுரையீரலுக்கு உள்ள மதிப்பு இங்கே இருக்கக் கூடாதா?

இன்னொன்றையும் பாருங்கள். கிரானைட்டுக்குப் பதிலாக இப்போது செயற்கைக் குவார்ட்ஸ் பலகை விற்பனைக்கு வந்திருக்கிறது. கிரானைட்டின் கதிருக்கு அஞ்சுபவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். அதில் சிலிக்கா நூற்றுக்கு 90-க்கும் மேல் இருக்கும் வகைகள் உண்டு. மேடையில் கிடக்கையில் அது யாரையும் ஒன்றும் செய்யாது. அறுப்பவனைத்தான் கொல்லும். ஆஸ்திரேலியாவில் அதை அறுத்த இளைஞர்கள் நோய்ப்பட்டார்கள். தொழிற்சங்கங்கள் விடாமல் போராடின. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அந்நாடு அப்பலகையைத் தடை செய்தது. தொழிலாளியின் மூச்சுக்காக ஒரு நாடு ஒரு பொருளையே நிறுத்த முடியும் என்பதற்கு இது சாட்சி.

நாம் செய்ய வேண்டியவை

1. கல்வேலை செய்யும் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் தம் தொழிலையும், எத்தனை ஆண்டு என்பதையும் முதலில் சொல்ல வேண்டும். நாள்பட்ட இருமல் எல்லாம் டி.பி. அல்ல. டி.பி. என்று சொன்னாலும் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தே வரலாம்.

2. வேலைக்கான சான்றைச் சேர்த்து வையுங்கள். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண், பட்டறையில் எடுத்த படம், உடன் வேலை செய்தவர்களின் சாட்சி, எதுவும் பின்னால் உதவும். பழைய எக்ஸ்-ரேக்களைத் தூக்கி எறியாதீர்கள்.

3. உலர்வாக அறுக்கச் சொன்னால் கூட்டாகத் தண்ணீர் கேளுங்கள். தனியாகக் கேட்பவன் வெளியே போவான். பத்துப்பேர் கேட்டால் குழாய் வரும்.

4. வேலை உடுப்போடு வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்காதீர்கள். துணியைத் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும். உதறக் கூடாது.

5. உங்கள் குடியிருப்பின் போர்வெல் நீரில் யுரேனியம் சோதிக்கக் கோரும் மனு சங்கத்தில் தயாராக இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும்.

அந்தப் பலகையைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று அம்மையாரிடம் சொன்னோம். அவர் வீட்டுத் திண்டுக்கு அளவாக அதை அறுக்க வேண்டியிருந்தது. தானே அறுப்பதாகக் கணவர் எழுந்தார். நாம் தடுத்தோம். நம் இளைஞர் ஒருவர் வாளியில் தண்ணீர் வைத்து ஊற்றிக்கொண்டே இருக்க, மற்றொருவர் திறந்த வெளியில் அறுத்தார். தூசி எழவில்லை. சேறாக வழிந்து ஓடியது. ஒரு வாளித் தண்ணீர்தான் செலவு. அவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

தொழிலாளர் துறையில் அவருக்காக மனுக் கொடுத்திருக்கிறோம். அவரோடு வேலை செய்த மூன்று பேர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள். மூவரும் இருமுகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கல்வேலை செய்யும் உங்கள் வீட்டு ஆண்களையும் பெண்களையும் தவறாமல் அழைத்து வாருங்கள். எக்ஸ்-ரேக்குப் போகவேண்டியவர்களின் பட்டியல் அன்று எழுதப்படும்.